ஒரு ரேடியேட்டர் மட்டும் ஏன் சூடாகவில்லை? பிரிட்டன் வீடுகளின் வெந்நீர்ச் சுற்றும் அதன் கோளாறுகளும்

பிரிட்டனில் இலையுதிர்காலக் குளிர் தொடங்கி, கோடை முழுவதும் அணைத்து வைத்திருந்த ஹீட்டிங்கை மறுபடி போடும்போது எழும் புகார் ஒன்று உண்டு. பாய்லர் ஓடுகிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, கூடம் கதகதப்பாக இருக்கிறது, ஆனால் பின்பக்கப் படுக்கையறையின் ரேடியேட்டர் மட்டும் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். இழுப்பறையில் கிடக்கும் சிறு பித்தளைச் சாவியைத் தேடியெடுத்து, ரேடியேட்டரின் மேல்முனையில் உள்ள திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுவார்கள். அதில் சரியாகாவிட்டால் வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டர்களிலும் அதையே செய்வார்கள். அதனால் குறைந்துபோன அழுத்தத்தை ஈடுகட்டப் புதிய நீரை உள்ளே விடுவார்கள். காற்று அடைத்திருந்தால் இது பலிக்கும். மற்ற காரணங்களுக்கு இது உதவாது என்பதோடு, வாரந்தோறும் செய்துகொண்டே இருந்தால் கோளாறை வளர்க்கவும் செய்யும். ஆகவே சாவியை எடுப்பதற்கு முன்பு குளிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ரேடியேட்டர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எங்கோ சமையலறையில் இருக்கும் பாய்லர் நீரைச் சூடாக்குகிறது; பம்பு அதை அனுப்புகிறது; 22 மில்லிமீட்டர் தலைக்குழாய் ஒன்று அதை வீடெங்கும் கொண்டு செல்ல, அதிலிருந்து பிரியும் 15 மில்லிமீட்டர் கிளைக்குழாய்கள் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் போகின்றன. வெப்பத்தை அறைக்குக் கொடுத்த நீர் மறுமுனை வழியாக வெளியேறி, திரும்புகுழாயில் சேர்ந்து பாய்லருக்கே வருகிறது. ஒரு ரேடியேட்டரைக் கடந்துதான் அடுத்த ரேடியேட்டருக்கு நீர் போக வேண்டும் என்பதில்லை. வழக்கமான இரட்டைக்குழாய் அமைப்பில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில் இருக்கிறது. அதனால்தான் ஒன்று மட்டும் குளிர்ந்து, மற்றவை சூடாக இருப்பது சாத்தியமாகிறது. கோளாறைப் புரிந்துகொள்ள இதுவே முதல் தடயம்: ஒரே ஒரு ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால், பாய்லரையும் பம்பையும் விட்டுவிட்டு அந்தக் கிளையைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்று பல வீடுகளில் வீட்டோடு பிறந்ததல்ல. தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற இலண்டன் பகுதிகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட வரிசை வீடுகளும் 1930களின் இரட்டை வீடுகளும் நிலக்கரி அடுப்பை நம்பிக் கட்டப்பட்டவை. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட காலத்தை ஒட்டித்தான் பாய்லரும் ரேடியேட்டரும் சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக்குள் பரவலாக நுழைந்தன. தரைப்பலகைகளைப் பெயர்த்து, உத்திரங்களில் பள்ளம் வெட்டிக் குழாய்களைச் செருகினார்கள். அதன் பிறகு பாய்லர் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்டுக்கொள்ளும் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் தரைக்கடியில் இருக்கும் குழாய் பெரும்பாலும் பழையதுதான், சில அறைகளில் ரேடியேட்டரும் பழையதுதான். புதிய பாய்லரின் குறுகலான உள்வழிகளில் முப்பது நாற்பது ஆண்டுக் கசடு போய்ச் சேர்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்கள் எளிதில் விளங்கும்.

சோதனைக்கு வேண்டிய முதல் கருவி கைதான். ஹீட்டிங்கை அரைமணி நேரம் ஓடவிட்டு, புறங்கையால் ரேடியேட்டரை மேலே, கீழே, இரு ஓரங்களில், நடுவில் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தரையிலிருந்து வரும் இரு குழாய்களையும் தொட வேண்டும். நன்றாக இயங்கும் ரேடியேட்டரிலும் அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில்தான் இருக்கும், ஏனென்றால் வெப்பத்தை இழந்த நீர் கீழே இறங்குகிறது. அது கோளாறு அல்ல. மேற்பகுதி குளிர்ந்து அடிப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு வாயுவோ தங்கியிருக்கிறது. அடிப்பகுதியின் நடுவில் மட்டும் அரைவட்டமாகக் குளிர் இருந்தால் அங்கே கசடு படிந்திருக்கிறது. ரேடியேட்டர் முழுதும் குளிர்ந்து, உள்ளே வரும் குழாய் வால்வு வரைக்கும் சூடாக இருந்தால் வால்வு திறக்கவில்லை. இரு குழாய்களுமே குளிர்ந்திருந்தால், ஒன்று மறுமுனையிலுள்ள வால்வு மூடியிருக்கிறது, அல்லது அந்தக் கிளைக்கு நீரே வருவதில்லை.

காற்றிலிருந்து தொடங்கலாம். அதை வெளியேற்றும் வேலை எளிது, ஆனால் முறை உண்டு. ஹீட்டிங்கை அணைத்து, நீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால், சுற்றின் சில இடங்களில் உட்புற அழுத்தம் குறைந்திருப்பதால் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகவும் கூடும். திருகின் அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, சாவியைக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். திருகை முழுதும் கழற்றிவிட்டால் பீறிடும் நீருக்கு எதிராக அதை மீண்டும் பொருத்துவது பெரும்பாடு. சீறும் ஒலி நின்று நீர் சீராக வந்ததும் மூடிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடிப்பது வழக்கம். முடித்த பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பார்ப்பது இந்த வேலையின் ஒரு பகுதியே; அதைப் பாராமல் விடுவதால்தான் ஒரு ரேடியேட்டரைச் சரிசெய்யப் போய் முழுச் சுற்றும் நின்றுபோன கதைகள் உண்டாகின்றன.

ஒருமுறை காற்றை எடுத்தபின் அந்த ரேடியேட்டர் பல மாதங்கள் ஒழுங்காக இருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அதே ரேடியேட்டரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்பகுதி குளிர்ந்துபோகிறது என்றால், அங்கே சேர்வது வெளிக்காற்றாக இல்லாமலும் இருக்கலாம். எஃகு ரேடியேட்டருக்குள் இருக்கும் நீரில் துருத்தடுப்பு மருந்து இல்லாதபோது, இரும்பு நீருடன் வினைபுரிந்து மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அந்த வினையில் ஹைட்ரஜன் வாயு விடுபட்டு மேலே சேர்கிறது. வாயு எரிகிறதா என்று தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் உண்மையிலேயே பற்றிக்கொள்ளும் என்பதால், திரைச்சீலையின் கீழே நின்று அதைச் செய்து பார்க்க வேண்டாம். தொடர்ந்து வாயு சேர்கிறது என்ற செய்தியே போதுமானது: ரேடியேட்டரின் சுவர் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது, கரைந்த பகுதி கசடாக அடியில் படிந்துகொண்டிருக்கிறது.

புதிய நீரை ஊற்றுவதால் வரும் தீங்கும் இங்கேதான். ஒருமுறை நிரப்பி மூடிய சுற்றில் உள்ள நீர், தன்னில் கரைந்திருந்த ஆக்சிஜன் முழுவதையும் சில நாட்களில் இரும்புடன் சேர்த்துச் செலவழித்துவிடும். அதற்குமேல் துரு மிக மெதுவாகவே நகரும். ஆனால் அழுத்தம் குறைந்தது என்று ஒவ்வொரு முறை நீர் சேர்க்கும்போதும் புது ஆக்சிஜனும், இலண்டன் போன்ற கடினநீர்ப் பகுதிகளில் புதுச் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன. ஏற்கெனவே இருந்த துருத்தடுப்பு மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப்போகிறது. ஆகவே காற்றெடுத்து நீரூற்றி, மறுபடி காற்றெடுத்து நீரூற்றும் வீட்டில் ரேடியேட்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு மோசமாவதில் வியப்பில்லை.

அழுத்தம் ஏன் குறைகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிரிட்டன் வீடுகளில் இரண்டு வகைச் சுற்றுகள் உண்டு. பழைய வகையில் பரணில் ஒரு சிறு தொட்டி இருக்கும். அதன் உயரமே சுற்றுக்கு அழுத்தம் தரும். நீர் குறைந்தால் மிதவை வால்வு தானாகத் திறந்து நிரப்பிக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் காம்பி பாய்லருடன், அதாவது ரேடியேட்டருக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டியாக உள்ள பாய்லருடன் வரும் மூடிய வகையில் தொட்டி கிடையாது; நீர் ஆறியிருக்கும்போது அழுத்தமானியில் 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும், சூடேறியதும் அது ஏறத்தாழ 2 பாருக்குள் உயர்வது இயல்பு, 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாய் வழியாகக் கொட்டிவிடும். அழுத்தம் மிகவும் குறைந்தால் பல காம்பி பாய்லர்கள் தாமாகவே இயங்க மறுத்துவிடும். நீர் சேர்ப்பதற்கு, பாய்லருக்கு அடியிலோ அருகிலோ வெள்ளிப் பின்னல் போர்த்திய வளைகுழாய் ஒன்று, இருபுறமும் சிறு வால்வுகளோடு இருக்கும். இரண்டையும் திறந்து முள் மேலேறியதும் மூடி, அந்தக் குழாயைக் கழற்றி வைப்பதுதான் முறை. பாய்லர் நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். வால்வு லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் தன்னாலே ஏறிக்கொண்டே போகும் என்பது இன்னொன்று.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நீர் சேர்ப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது விரிவுக்கலம் பழுதாகியிருக்கிறது. நீர் சூடாகும்போது பருமன் கூடும். அந்தக் கூடுதல் பருமனுக்கு இடம் கொடுக்க, நடுவில் ரப்பர்த் தோல் கட்டிய ஒரு கலம் காம்பி பாய்லருக்குள்ளேயே இருக்கும். தோலின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் காற்று. காற்று கசிந்து போய்விட்டால் விரியும் நீருக்கு இடமில்லை. ஹீட்டிங் போட்ட சில நிமிடங்களில் முள் 3 பாரை நோக்கி ஓடும், பாதுகாப்பு வால்வு நீரை வெளியே தள்ளும், இரவில் ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். காலையில் எழுந்து பார்ப்பவர் நீர் குறைந்துவிட்டது என்று மறுபடி நிரப்புவார். இந்தச் சுழலில் சிக்கிய வீட்டில் தரை எங்கும் நனையாமலே நீர் காணாமல் போய்க்கொண்டிருக்கும். வெளிச்சுவரில் அந்தச் செம்புக் குழாயின் முனையில் உள்ள ஈரமும் வெள்ளைச் சுண்ணாம்புத் தடமும் மட்டுமே அதற்குச் சாட்சி. கலத்தில் கார் டயரில் இருக்கும் அதே வகைக் காற்று வால்வு ஒன்று உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் ரப்பர்த் தோல் கிழிந்துவிட்டது, கலத்தையே மாற்ற வேண்டும். பாய்லரின் உறைக்குள் இருக்கும் கலத்தைப் பொறியாளரிடம் விட்டுவிடுவதே சரி.

அடுத்தது கசடு. மேலே சொன்ன மேக்னடைட் நீரைவிடக் கனமானது. நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் படியும். ரேடியேட்டருக்குள் நீர் ஒரு கீழ்முனையில் நுழைந்து மறு கீழ்முனையில் வெளியேறுவதால், இரண்டுக்கும் நடுவில் அடிப்பகுதியே ஓட்டம் குறைந்த இடம். அங்கேதான் அந்த அரைவட்டக் குளிர் தோன்றுகிறது. நுழைவாயிலையும் வெளிவாயிலையும் கசடு நெருங்கும்போது ரேடியேட்டர் மொத்தமும் மந்தமாகிவிடும். 1970களிலும் 80களிலும் செலவைக் குறைக்கப் போடப்பட்ட 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் உள்ள வீடுகளில் ரேடியேட்டர் நிரம்பும் முன்பே குழாய் அடைத்துக்கொள்ளும். இத்தகைய வீடுகளில் எவ்வளவு காற்றை வெளியேற்றினாலும் பயன் இருக்காது.

கசடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, காற்றெடுக்கும் திருகிலிருந்தோ வடிகுழாயிலிருந்தோ ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் நீர் பிடித்துச் சிறிது நேரம் வைப்பது. தெளிந்த நீர், அல்லது மருந்தின் லேசான நிறமுள்ள நீர் என்றால் கவலையில்லை. கறுப்புப் பொடி அடியில் தங்கினால், குவளையின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பொடி காந்தத்தைத் தொடர்ந்து கண்ணாடிச் சுவரில் ஏறினால் அது மேக்னடைட். செம்பழுப்பு நிறத் துரு வந்தால் பொருள் வேறு: ஆக்சிஜன் இப்போதும் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது, அந்த வழியை அடைக்காமல் கழுவி என்ன பயன்?

ஒரு ரேடியேட்டரில் மட்டும் கசடு இருந்தால் அதைக் கழற்றித் தோட்டத்தில் வைத்து நீர்க்குழாயால் அலசுவதே மலிவான, பலனுள்ள வழி. கைவேலை தெரிந்தவர் செய்யக்கூடியதுதான். ஆனால் இரண்டு விஷயங்கள் முக்கியம். ரேடியேட்டரின் மறுமுனையில் மூடியிட்டிருக்கும் வால்வை, அதாவது லாக்‌ஷீல்டு வால்வை, மூடும்போது எத்தனை சுற்று திருப்பினோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டியபின் அதே அளவுதான் திறக்க வேண்டும். இரண்டாவது, உள்ளிருந்து வரும் நீர் மைபோலக் கறுத்திருக்கும்; கார்ப்பெட்டில் விழுந்தால் போகாது. பழைய துண்டுகளையும் தட்டையான பாத்திரத்தையும் வைத்த பிறகுதான் நட்டைத் தளர்த்த வேண்டும். தூக்கிச் செல்லும்போது இரு முனைகளையும் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

வீடு முழுதும் கசடு என்றால் பொறியாளர்கள் பரிந்துரைப்பது பவர்ஃப்ளஷ்: ஒரு பெரிய பம்பைச் சுற்றோடு இணைத்து, வேதிப்பொருள் கலந்த நீரை வேகமாக ஓட்டி, கசடை வெளியேற்றுவது. நல்ல வேலைதான், ஆனால் செலவு சில நூறு பவுண்டுகள் ஆகும். ஒரே ஒரு படுக்கையறை ரேடியேட்டர் குளிர்ந்ததற்கு முதல் நாளே இதைப் பரிந்துரைப்பவரிடம், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று கேட்கத் தயங்க வேண்டாம். முற்றிலும் அடைத்துப்போன மெல்லிய குழாயைப் பவர்ஃப்ளஷ் எப்போதும் திறந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. கழுவிய பின் துருத்தடுப்பு மருந்து சேர்க்காவிட்டால் கழுவியதே வீண். திரும்புகுழாயில் பாய்லருக்கு முன்னால் ஒரு காந்த வடிகட்டியும் இருப்பது நல்லது, பிரிட்டனின் பி.எஸ். 7593 என்ற செயல்முறைத் தரம் 2019இல் புதுப்பிக்கப்பட்டபோது, சுற்றில் நிரந்தரமாக ஒரு வடிகட்டி இருக்க வேண்டும், மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சொல்லியது. ஆண்டுப் பராமரிப்புக்கு வருபவர் அந்த வடிகட்டியைத் திறந்து துடைக்கிறாரா என்று கவனியுங்கள், பலர் திறப்பதேயில்லை.

ஆனால் கோடைக்குப் பிறகு ஒரே ஒரு ரேடியேட்டர் திடீரென்று முழுதும் குளிர்ந்து கிடந்தால், கசடையும் காற்றையும் விட அதிகம் சந்தேகிக்க வேண்டியது அதன் தெர்மோஸ்டாட் வால்வைத்தான். 1 முதல் 5 வரை எண்கள் எழுதிய அந்தத் தலைக்குள் மெழுகோ திரவமோ நிரப்பிய குப்பி ஒன்று இருக்கிறது. அறை சூடேறும்போது அது விரிந்து, கீழே உள்ள ஒரு மெல்லிய ஊசியை அழுத்தி நீரை அடைக்கிறது. 3 என்ற எண் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸைக் குறிக்கும். கோடையில் அறை எப்போதும் சூடாக இருப்பதால் ஊசி மாதக்கணக்கில் அழுந்தியபடியே கிடந்து, சுண்ணாம்பும் துருவும் பிடித்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அக்டோபரில் தலையை 5க்குத் திருப்பினாலும் ஊசி மேலே எழாது.

சரிசெய்யும் முறை இது. தலையை முழுதும் திறந்த நிலைக்குத் திருப்பி, அதன் கீழுள்ள வளையத்தைக் கையால் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். இதனால் நீர் கொட்டாது. உள்ளே தீக்குச்சி அளவே தடிமனுள்ள ஓர் உலோக ஊசி தெரியும். ஒரு ஸ்பேனரின் தட்டையான பக்கத்தையோ நாணயத்தையோ அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தினால், அது சில மில்லிமீட்டர் கீழே போய், விட்டதும் தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, ஒரு சொட்டு மசகெண்ணெய் விட்டு, மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்கலாம். இடுக்கியால் பிடித்து மேலே இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஊசி கையோடு வந்துவிட்டால் அந்தத் துளை வழியாகச் சூடான கறுப்புநீர் பீறிடும். ஊசி விடுபட்டதும் உள்ளே நீர் பாயும் ஒலி கேட்கும், ஒரு நிமிடத்துக்குள் அடிக்குழாய் சூடேறும். கோடை தொடங்கும்போது எல்லாத் தலைகளையும் 5இல் வைத்து விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு இந்த வேலையே பெரும்பாலும் வராது. மூடிய திரைச்சீலைக்கு உள்ளேயோ சோபாவுக்குப் பின்னாலோ அந்தத் தலை இருந்தால், தன்னைச் சுற்றியிருக்கும் வெப்பத்தையே அறையின் வெப்பம் என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே மூடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எதுவுமின்றி, காற்றும் இல்லை, கசடும் இல்லை, ஊசியும் நன்றாக அசைகிறது, ஆனாலும் பாய்லரிலிருந்து தொலைவிலுள்ள ரேடியேட்டர் மட்டும் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை என்றால், பழுதே இல்லாத ஒரு கோளாறு அது. ஆற்றுப் பாசனத்தில் தலைமடை வயல்கள் மடையை அகலத் திறந்து வைத்தால் கடைமடைக்கு நீர் எட்டாது. வாய்க்காலில் எவ்வளவு விட்டாலும் மேலே உள்ளவர் தம் மடையைக் குறுக்கினால்தான் கடைசி வயல் நனையும். வெந்நீர்ச் சுற்றிலும் அதே கணக்குத்தான். நீர் தடை குறைந்த வழியைத் தேடும். பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டரின் இரு வால்வுகளும் முழுதும் திறந்திருந்தால் பம்பு தள்ளும் நீரில் பெரும்பங்கு அதன் வழியாகவே சுற்றித் திரும்பிவிடும். பம்பின் வேகத்தைக் கூட்டுவதால் இரைச்சல்தான் கூடும். அருகிலுள்ள ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்டு வால்வைக் குறுக்குவதே வழி.

இதைச் சமன்செய்தல் என்பார்கள். எல்லா வால்வுகளையும் முழுதும் திறந்து, ஆறிய நிலையில் ஹீட்டிங்கைப் போட்டு, எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது, எது அடுத்தது என்று வரிசையை எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் சூடாவதன் லாக்‌ஷீல்டு வால்வை மூடிப் பிறகு கால் சுற்று மட்டும் திறக்கலாம். வரிசையில் அடுத்தடுத்தவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து, கடைசியில் இருப்பதை முழுதும் திறந்தே விட வேண்டும். நுணுக்கமாகச் செய்ய விரும்புபவர், குழாயில் கவ்வும் இரு வெப்பமானிகளை உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் மாட்டி, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ ஒன்றாக வரும்வரை திருகுவார். பழைய பாய்லர்களுக்கு இந்த வேறுபாட்டை 11 பாகை அளவில் வைப்பார்கள். கண்டென்சிங் பாய்லருக்கு 20 பாகை வரை இருக்கலாம், ஏனென்றால் திரும்பி வரும் நீர் சுமார் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகி, தன் வெப்பத்தை மீட்டுத் தரும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு சுற்று நிலைபெறக் காத்திருக்க வேண்டியிருப்பதால் இது அரைநாள் வேலை. மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் யாரும் இதை விரும்பிச் செய்வதில்லை என்பது என் எண்ணம். வீட்டுக்காரரே பொறுமையாகச் செய்யத் தக்கது. புதிதாக ஒரு ரேடியேட்டரைச் சேர்த்தாலோ, சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டினாலோ, பழைய சமநிலை கெட்டுவிடும், மறுபடி செய்ய வேண்டும்.

ஒன்றிரண்டு ரேடியேட்டர்களோடு நில்லாமல் ஒரு தளமே குளிர்ந்தால் காரணங்களும் இடம் மாறுகின்றன. மேல்தளம் முழுதும் குளிர்ந்து கீழ்த்தளம் சூடாக இருந்தால் சுற்றில் நீர் போதவில்லை: மூடிய வகையில் அழுத்தமானியையும், பழைய வகையில் பரணிலுள்ள சிறு தொட்டியையும் பார்க்க வேண்டும். அங்கே மிதவை வால்வு ஒட்டிக்கொண்டு தொட்டி வறண்டு கிடக்கலாம். தொட்டி நிரம்பியிருந்தும் மேல்தள ரேடியேட்டரில் காற்றெடுக்கும் திருகைத் திறந்தால் எதுவுமே வரவில்லை என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சுற்றோடு சேரும் இடத்தில் கசடும் சுண்ணாம்பும் அடைத்திருக்கக்கூடும். மாறாக, மேல்தளம் வெதுவெதுப்பாகவும் கீழ்த்தளம் குளிர்ந்தும் இருந்தால், பம்பு நின்றுபோய், சூடான நீர் இலேசாக இருப்பதால் மட்டும் தானாக மேலேறிக்கொண்டிருக்கலாம்.

எல்லா ரேடியேட்டர்களும் குளிர்ந்து, குழாயில் மட்டும் வெந்நீர் வருகிறது என்றால், நீரைத் திசைதிருப்பும் வால்வை நினைக்க வேண்டும். காம்பி பாய்லருக்குள் அது இருக்கிறது. குழாயைத் திறக்கும்போது வெப்பத்தைக் குழாய்நீருக்கும், மூடியதும் ரேடியேட்டர்களுக்கும் அனுப்புவது அதன் வேலை. ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டால் மறுபக்கம் பட்டினி. வெந்நீர்க் கலம் தனியாக உள்ள வீடுகளில் இதே வேலையைக் கலத்தின் அருகில் உள்ள மோட்டார் வால்வு செய்கிறது. அதன் பக்கவாட்டில் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நெம்புகோல் தளர்வாக ஆடினால் மோட்டார் ஏற்கெனவே வால்வைத் திறந்துவிட்டது, இறுக்கமாக எதிர்த்து நின்றால் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால் மோட்டாரோ அதற்கு ஆணை தரும் அறை தெர்மோஸ்டாட்டோ பழுது. கூடத்துச் சுவரிலுள்ள அந்தத் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் யாராவது மின்அடுப்பை வைத்திருந்தால், பழுதே இல்லாமலும் வீடு குளிர்ந்து கிடக்கும்.

எது வரை நாமே செய்யலாம் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. காற்றெடுப்பது, நீர் நிரப்புவது, ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது, வால்வைத் திருகுவது ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. எரிவாயு செல்லும் பகுதியைத் தொடுவதற்கு, 2009 ஏப்ரலில் கோர்கி (CORGI) என்ற பழைய எரிவாயுப் பொறியாளர் பதிவேட்டின் இடத்துக்கு வந்த கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்ற பொறியாளர்தான் வேண்டும். அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வகை வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அச்சிடப்பட்டிருக்கும்; கேட்டுப் பார்ப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறைகளைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதுநீக்கி இயங்கும் நிலையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் இதற்கு ஆதாரம் 1985ஆம் ஆண்டு நிலவுடைமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் வழக்கமான குறுகியகாலக் குத்தகையில் இந்தக் கடமையை வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆனால் பழுது தமக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகே உரிமையாளரின் பொறுப்பு தொடங்குவதாகக் கொள்ளப்படுவதால், தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல் எழுத்தில் அனுப்ப வேண்டும். அதில் "ஹீட்டிங் வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதாமல், எந்த அறையின் ரேடியேட்டர், அதன் மேற்பகுதி குளிரா அடிப்பகுதி குளிரா, இரு குழாய்களின் சூடு எப்படி, ஆறிய நிலையில் அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது, கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை நீர் சேர்க்க நேர்ந்தது என்பவற்றைக் குறிப்பிட்டு, அழுத்தமானியின் படத்தையும் இணைத்துவிட்டால், வருகிற பொறியாளர் எந்த உதிரிப்பாகத்தோடு வர வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.